கிரகணத்துக்கு வெட்டிய எக்ஸ்ரே

முழங்கால் வலி என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளவத்தையில், லிஃப்ட் நினைத்தபோது மட்டும் வேலைசெய்கிற தொடர்மாடியில் நாலாம் மாடிக்கு ஏறி இறங்குகிறவளுக்கு முழங்கால் வலிக்காமல் வேறென்ன வலிக்கும்? எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஸ்கான் எடுத்தார்கள். பிறகு, படம் பார்க்கிற டொக்டர் என்னோடு கதைக்க வேண்டுமாம் என்றார்கள். படம் பார்க்கிற டொக்டர்மார் நோயாளிகளோடு கதைத்து நான் கண்டதில்லை.

அவர் என் மகளின் வயதுப் பெண். திரையில் என் தொடையெலும்பைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்புக்குள்ளே, சோளப்பொரியைச் சிதறவிட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"அன்ரி, இது குருத்தெலும்புக் கட்டி. உங்கட வலி மூட்டுத் தேய்மானத்தால, இதால இல்லை. இப்பிடியான கட்டி அநேகமா ஒண்டும் செய்யாது. ஆனா ஒரு ஓரம் எனக்கு வடிவா விளங்கேல்லை. இது வளருதோ, கனகாலமா இப்பிடியே கிடக்குதோ எண்டு தெரியவேணும்."

"வளர்ந்தால்?"

"வளர்ந்தால் கான்சரோ எண்டு பாக்க, ஊசி விட்டு எலும்பில துண்டு எடுக்கவேணும்." அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "முந்தி எப்பவாவது இந்தக் காலை எக்ஸ்ரே எடுத்தனீங்களோ?"

எடுத்திருந்தேன். பல வருடங்களுக்கு முன் பம்பலப்பிட்டியில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்ததற்கு. முறிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். படம் அலுமாரிக்கு மேலே உறையில் இருக்கவேண்டும். எங்கள் சனம் எக்ஸ்ரே படத்தை எறியாது. காணி உறுதிப் பத்திரத்துக்கு அடுத்தபடி அதைத்தான் பத்திரப்படுத்தும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உறை இருக்கிறது, படம் இல்லை.

"அதைத்தானே கிரகணத்துக்கு வெட்டினது," என்றார் கணவர்.

நினைவு வந்தது. சூரிய கிரகணத்தன்று தொடர்மாடிச் சனம் முழுக்க மொட்டைமாடியில் நிற்க, இவர் கத்தரிக்கோலோடு நடுவில் நின்று, கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல சூரியனைப் பார்க்க ஆளுக்கொரு கறுப்புத் துண்டு வெட்டிக் கொடுத்தார். அப்படிப் பார்ப்பதே கண்ணுக்குக் கூடாது என்று பிறகுதான் அறிந்தோம்.

"என்ர காலைத் துண்டு துண்டா வெட்டி ஊருக்குப் பங்கு வைச்சிருக்கிறீங்கள்," என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். "காலைக் குடுக்கேல்லையப்பா. எலும்பு வெள்ளை, அதுக்குள்ளால வெயில் கண்ணைக் குத்தும். ஓரத்துக் கறுப்பைத்தான் வெட்டினனான். மிச்சத்தைக் கீழ்வீட்டில தைக்கிறவ கேட்டவ, குடுத்திட்டன். நீர் ஏன் பதறுறீர்?"

எனக்குக் கான்சரோ இல்லையோ என்று தெரியாத நாளில் பல்லைக் காட்டுகிற மனிசனோடு என்ன கதை? கதவை அடித்துச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு முஸ்லிம் பெண். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். விஷயத்தைச் சொன்னேன். மெஷின் லாச்சியை இழுத்து என் எலும்பை எடுத்துத் தந்தார். ஒரு பக்கம் வளைவாக வெட்டியிருந்தது. மூலையில் என் பெயரும் திகதியும் அப்படியே இருந்தன.

"கழுத்து அளவுக்கு வெட்டி வெச்சிருக்கேன், அக்கா. நல்ல வெறப்பான சாமான். ஒங்கட பிளவுஸும் இத வெச்சித்தான் வெட்டினேன்," என்றார் கூச்சத்தோடு. அளவைக் கடதாசியில் கீறி எடுத்துக்கொண்டு தாருங்கள் என்றேன். "அதெல்லாம் பொறகு. நீங்க மொதல்ல கொண்டு போங்க. நா ஒங்களுக்காகத் தொழுது துஆ கேக்குறேன்." அந்த வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. தைக்கக் கிடந்த துணிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

மறுநாள், அந்தக் கழுத்து வளைவைப் பார்த்து டொக்டர் சிரித்தார். பிறகு படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, புதிய எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, மாறி மாறி அளந்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதே புள்ளிகள், அதே ஓரம், அதே அளவு. இவ்வளவு வருஷத்தில ஒண்டும் கூடேல்லை, அன்ரி. ஊசி வேண்டாம். அடுத்த வருஷம் ஒருக்காப் படம் எடுத்துப் பாப்பம்."

ஊசிக்கு எழுதிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய படம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்காக அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னேன். இதை எழுதும்போதும் சொல்கிறேன்.

வெளியே வாங்கில் கணவர் உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து நான் அவரோடு கதைக்கவில்லை. "ஒண்டுமில்லையாம்," என்றேன். வழக்கம்போல் ஏதோ பகிடி விட வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. எழும்பினார், கால்கள் தாங்காமல் திரும்ப இருந்துவிட்டார். சக்கர நாற்காலியோடு வந்த ஊழியர் என்னைத் தாண்டிப் போய், ஏறி இருக்க முடியுமா என்று சிங்களத்தில் அவரிடம் கேட்டார். நோயாளி தானல்ல, நான் என்று சொல்லாமல் இவரும் ஏறி இருந்தார். வாசல் வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். நான் அவருடைய தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன்.