கடைவாயும் சில்வண்டும் ஒரு பழைய ரூட்டரும்

பல் செட் செய்கிற ஒருத்திக்கும் ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவளைவிட அவள் கணவர்தான் நன்றாகச் சொல்வார். "எல்லாம் என் தங்கச்சியால வந்தது" என்று ஆரம்பிப்பார்.

அவர் தங்கை மாடி வீட்டில் இருந்துகொண்டு, வீடியோ வழியாகத் தையல் வகுப்பு எடுப்பவள். வகுப்பின் நடுவில் படம் உறைந்துபோகும். கீழே இறங்கி வந்து, "அண்ணி, ஊசியைத் தூக்கின கையோட சிலையா நிக்கறேனாம். பிள்ளைங்க போட்டோ எடுத்து அனுப்புதுங்க" என்பாள். வீட்டுக்கு இணையம் தரும் ரூட்டர் பழசு. செய்த கம்பெனி அதற்குப் புது மென்பொருள் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. கணவர், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றார். ஆனால் அவள், விரிசல் விட்ட பல் செட்டையே ஒட்டிக் கொடுத்து இன்னும் சில வருஷம் ஓட்ட வைக்கிறவள். உயிர் இருக்கிற பெட்டியைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

தேடிப் பார்த்ததில் தெரிந்தது: கம்பெனிகள் கைவிட்ட ரூட்டர்களுக்கு மென்பொருள் எழுதித் தருவதற்கென்றே உலகம் முழுக்கச் சிலர் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, முகம் கிடையாது, ஆளுக்கொரு புனைபெயர். அவளும் உள்ளே போனாள். பெயர் கேட்டது திரை. முன்னால் மேஜையில் மெழுகில் செதுக்கி முடித்த கடைவாய்ப் பல் ஒன்று இருந்தது. "கடைவாய்" என்று தட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த உலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

புது மென்பொருளை ஏற்றிய முதல் முயற்சியிலேயே பெட்டி செத்துப்போனது. ஒரு விளக்கும் எரியவில்லை. என்ன செய்வதென்று கேட்டு எழுதினாள். மூடியைத் திறங்கள், ஓரமாக வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றில் கம்பி பற்றவைத்துக் கணினியோடு இணையுங்கள், தனக்கு என்ன நோய் என்று பெட்டியே சொல்லும் என்று யாரோ பதில் போட்டார்கள். பல் செட்டுக்குக் கம்பி பற்றவைக்கிறவளுக்கு இது பெரிய வித்தையா? செய்து முடித்து மின்சாரம் கொடுத்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. விழித்தேன், நினைவகம் இவ்வளவு, கடிகாரம் இந்த வேகம், இதைத் தேடுகிறேன், காணவில்லை, மறுபடி தேடுகிறேன்...

அலமாரி மேல் இத்தனை வருஷம் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது இவ்வளவு பேசுமா என்று திரைக்கு அருகே குனிந்தாள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்ட பேசுது?"

"யாருகிட்டயும் இல்ல. முழிக்கும்போதெல்லாம் இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்குமாம். நாமதான் கேக்காம இருந்திருக்கோம்."

"சரி, சாப்பாடு ஆறுது. அதுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கட்டுமா?"

பெட்டி பிழைத்தது. தையல் வகுப்பும் பிழைத்தது. ஆனால் அவள் விடவில்லை. ஏன் செத்தது, எப்படிப் பிழைத்தது, இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று துளைத்தெடுத்தாள். கடைசியில் அந்தக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தவர், மேஸ்திரி என்ற புனைபெயர்க்காரர், ஒருநாள் எழுதினார்: "இந்த மாடலைப் பத்தி இப்ப எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். இனிமே இது உங்க பிள்ளை." கேள்வி கேட்டவர் தலையிலேயே பொறுப்பு விழுந்தது. விடுமுறை நாளின் காலை நேரமெல்லாம் அந்தப் பிள்ளைக்கென்று ஆனது.

இப்படியே சில வருஷம் போயிற்று. அப்புறம்தான் அந்தச் சிக்கல் வந்தது.

மூலநிரலை எல்லாம் சேர்த்துக் கட்டி, பெட்டியில் ஏற்றக்கூடிய ஒரே கோப்பாக ஆக்குவதை அவர்கள் பில்ட் என்பார்கள். ஊருக்கெல்லாம் போகும் பில்டுகளை மேஸ்திரியின் சர்வர் கணினிதான் கட்டும். புதுப் பதிப்புக்காக அது கட்டிய பில்டை ஏற்றினால், இந்த ஒரு மாடல் மட்டும் விழிப்பதே இல்லை. இரண்டு வரி பேசும், அப்படியே ஊமையாகிவிடும். அதே நிரலை இவள் தன் கணினியில் கட்டி ஏற்றினால், ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

"எங்க வீட்டுல ஓடுதே" என்று எழுதினாள்.

"அது எல்லாரும் சொல்றதுதாங்க. ஊருக்குப் போறது உங்க வீட்டுல கட்டினது இல்லையே" என்றார் மேஸ்திரி. "பதிப்பு வெளியாகறதுக்குள்ள காரணம் தெரியலன்னா, இந்த மாடலை எடுத்துடறதத் தவிர வேற வழி இல்ல."

எடுத்துவிட்டால் என்ன, பழைய பெட்டிதானே என்று அவளே ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அன்றைக்கே ஒரு பெண்மணி குழுவின் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். வேறொரு நாட்டில், வெள்ள எச்சரிக்கைப் பிரிவில் பொறியாளர். ஒரு ஆறு மலையில் பிறந்து கடலில் சேரும்வரை, கரை நெடுக நீர்மட்டத்தை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றிலும் அந்த அளவை அனுப்பிக்கொண்டிருப்பது இதே மாடல் பெட்டி. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் புதுப் பதிப்புக்கு மாறியே ஆகவேண்டும். "உச்சியில இருக்கிற பெட்டிகிட்ட போக வண்டிப் பாதை கிடையாது. தயவுசெஞ்சு இந்த மாடலை விட்டுடாதீங்க" என்று முடித்திருந்தார்.

அவள் அதை மறுபடி படித்தாள். மாடியில் வகுப்பு தடைபடக் கூடாதே என்று தொட்ட பெட்டி, எங்கோ ஒரு ஆற்றுக்குக் காவல் இருக்கிறதா?

இரண்டு பில்டுகளும் கட்டப்பட்டபோது கணினிகள் எழுதிவைத்த பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பேன் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு கோப்புகளின் அளவும் இம்மியளவு வேறாக இருந்தது. வேறு வேறு கணினியில் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டாள்.

உதவிக்கு வந்தவர் சில்வண்டு. எங்கோ ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர், அதிகம் பேசாதவர். இவள் பெட்டியின் திரையைப் படம் பிடித்து அனுப்பினால், "படம் எனக்கு ஆகாது. எழுத்தா அனுப்புங்க" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார். சரியான கறார்ப் பேர்வழி என்று நினைத்துக்கொண்டாள். எழுதி எழுதி மாளவில்லை என்று ஆனபோது, போனிலேயே பேசிவிடலாம் என்றார் அவர். ஒரு விடுமுறை நாள் காலையில் பேசினார்கள்.

அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ பூச்சி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. விட்டு விட்டு, மகா வேகமாக.

"சார், உங்க வீட்டுக்குள்ள ஏதோ பூச்சி கத்துது."

அவர் சிரித்தார். "பூச்சி இல்லம்மா. உங்க பதிவைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். எனக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை கிடையாது. கணினி வாசிக்கும், நான் கேப்பேன். வேகமா வெச்சுக் கேட்டுப் பழகிட்டேன். என் சம்சாரம்தான் இதுக்குச் சில்வண்டுன்னு பேரு வெச்சா. எனக்கும் சேர்த்து."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எத்தனை படங்கள் அனுப்பியிருக்கிறாள். அவர் அந்தப் படங்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா வெக்கறேன், கேளுங்க" என்றார். கிறீச்சொலி மெல்ல அவிழ்ந்து சொற்களாக மாறியது. அவள் பல முறை படித்திருந்த அதே வரிகள்தான். ஒவ்வொரு கோப்பும் கணினியில் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதையை முழுக்க வாசித்துவிட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தது அந்தக் குரல்.

"எனக்கு ஒரே ஒரு வித்தியாசம்தான் கேக்குதும்மா. உங்க ஃபோல்டர் பேரு 'பல்'. சட்டுனு முடிஞ்சுடுது. மேஸ்திரியோடது, பாட்டன் பூட்டன் பேரெல்லாம் சேர்த்து வெச்ச மாதிரி. தேதி, பதிப்பு, சர்வர் பேரு, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொரு வரியிலயும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அது முக்கியமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வேற எதுவும் கேக்கல."

அவள் திரையைப் பார்த்தாள். வரிக்கு வரி அந்த நீளப் பெயர் நின்றுகொண்டிருந்தது. அத்தனை நாளும் அவள் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டுதான் போயிருக்கிறது.

"சார்... அந்தப் பேரு பில்டுக்குள்ளயும் போய் உக்காருமா?"

"உக்காரும். எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்றதுக்காகப் பல இடத்துல அந்தப் பாதையை எழுதி வெப்பாங்க."

"அப்ப பேரு நீளமா இருந்தா பில்டும் பெருக்குமே."

அவர் கணினியின் வாசிப்பை நிறுத்தினார். 

பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது, செய்த கம்பெனி எப்போதோ உள்ளே வைத்த ஒரு குட்டி நிரல். அது பெரிய மென்பொருளை அள்ளி எடுத்து ஓடவிடும். அள்ளுகிற அளவு ஒன்றுதான், கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. பதிப்புக்குப் பதிப்பு மென்பொருள் பெருத்துக்கொண்டே வந்து, இப்போது அந்த அளவின் விளிம்பில் நிற்கிறது என்றால்? மேஸ்திரியின் நீளப் பெயர் அதை விளிம்புக்கு அப்பால் தள்ளியிருந்தால்? குட்டி நிரல் அள்ளும்போது வால் அறுந்துவிடும். வாலறுந்தது எப்படி விழிக்கும்?

போனை வைக்காமலே தன் கணினியில் "பல்" என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றினாள். நாத்தனாரின் புலம்பல் நினைவுக்கு வந்தது. "ஊசியைத் தூக்கின கையோட சிலையா நிக்கறேன் அண்ணி வைஃபை எப்ப வரும்" என்று இடைவெளி இல்லாமல் தட்டினாள். மறுபடி பில்ட் கட்டினாள். நிரலில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. கட்டி முடியும்வரை அவர் அங்கே ஏதோ தேர்வுத்தாளைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் ஏற்றி, மின்சாரம் கொடுத்தாள்.

இரண்டு வரி ஓடியது. நின்றுவிட்டது.

"சார், செத்துப்போச்சு" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். தன் கையாலேயே தன் பெட்டியைச் சாகடித்துவிட்டு இப்படிப் பூரிக்கிறோமே என்றும் தோன்றியது. பெயரைத் திரும்ப "பல்" என்று வைத்துக் கட்டி ஏற்றினாள். பெட்டி விழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தன் பாட்டைப் பாட ஆரம்பித்தது.

எழுதியவர் நிரலில் தவறில்லை, கட்டியவர் மீதும் குற்றமில்லை. ஒரு ஃபோல்டருக்கு வைத்த பெயரில் சில எழுத்துகள் கூடுதல், அவ்வளவுதான். அதற்காக ஒரு ஆறு முழுக்க ஊமையாகியிருக்கும். நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் எழுதினார்: "என் பிள்ளைகளுக்குக்கூட நான் இவ்வளவு நீளமா பேரு வெக்கல." பாதை பில்டுக்குள் நுழையாதபடி அவர் வழி செய்தார். தேவையில்லாத பகுதிகளை இவள் வெட்டி எடுத்து, பெட்டிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தாள். அளவு மீறினால் பில்டே கட்டமாட்டேன் என்று சர்வர் மறுக்கும்படி ஒரு காவலையும் வைத்தார்கள். மேஸ்திரி புதிதாகக் கட்டிய பில்டை இவள் வாங்கி ஏற்றிப் பார்த்தாள். விழித்தது. மாடல் தப்பித்தது.

ஆற்றங்கரைப் பெட்டிகளுக்குப் புதுப் பதிப்பை ஏற்றும் நாளன்று, பொறியாளர் அவளையும் சில்வண்டையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டார். அவள் வேலை செய்யும் பல் லேப் ஒரு கட்டடத்தில் தரைக்குக் கீழுள்ள தளத்தில் இருந்தது. சுவர் ஓரமாக வாய் திறந்த பிளாஸ்டர் பல் அச்சுகள் வரிசையாக நிற்கும். பல் செட் இறுகுவதற்காக அச்சுகள் கொதிநீரில் வேகிற நேரம் பார்த்து முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மூலையில் போனோடு உட்கார்ந்தாள்.

"உச்சியில இருக்கிறதுலதான் ஆரம்பிக்கிறேன்" என்றார் பொறியாளர். "அதை நினைச்சாத்தான் பயம். தைரியம் இருக்கும்போதே முடிச்சுடணும்."

போனில் தெரிந்த வரைபடத்தில் ஆறு ஒரு நீலக் கோடு. அதன் தலைமாட்டில் உச்சிப் பெட்டியைக் குறித்த பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.  பெட்டி இப்போது அங்கே, ஆளில்லாத மலையில், தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விழித்தேன், நினைவகம் இவ்வளவு... அந்த வரிகளை அவள் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டாவது வரியைத் தாண்டியதா?

புள்ளி சாம்பலாகவே இருந்தது. திடீரென்று, பெட்டிகளின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த சில்வண்டின் பக்கத்தில் கிறீச்சொலி எழுந்தது.

"வந்துடுச்சும்மா" என்றார் அவர். "நீர்மட்டம் சொல்லுது."

"எனக்கு இன்னும் காட்டலையே" என்றார் பொறியாளர். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் புள்ளி பச்சையானது.

பிறகு ஒவ்வொன்றாக. ஒரு புள்ளி அணையும், காத்திருப்பார்கள், மறுபடி எரியும். மலையிலிருந்து இறங்கி, வளைந்து, ஊர்களைத் தொட்டுக்கொண்டு, கடல்வரை. பார்த்தே இராத ஒரு ஆற்றோடு கூடவே நடந்து இறங்குவது போலிருந்தது அவளுக்கு. கடைசிப் புள்ளி எரிந்தபோது அச்சுகள் வெந்து வெகு நேரம் ஆகியிருந்தது. முதலாளி அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டிருந்தார்.

அதற்கப்புறம் வந்த மழைக்காலத்தில் ஒருநாள், அவளும் கணவரும் நாத்தனாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொறியாளரிடமிருந்து செய்தி வந்தது. அந்த ஆற்றில் பெருவெள்ளம். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை முன்கூட்டியே போய், எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். ஒரு உயிருக்கும் சேதமில்லை. உச்சியில் இருந்த பெட்டியை மட்டும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது, போவதற்கு முன் கடைசி அளவையும் அனுப்பிவிட்டுத்தான் போனது என்று எழுதியிருந்தார்.

அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கணவர் கை சோற்றிலேயே நின்றது. நாத்தனார்தான் கேட்டாள்.

"அங்க உங்களுக்கு யாரையாவது தெரியுமா அண்ணி?"

"ஒருத்தரையும் தெரியாது" என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.