நூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

புடவைக் கட்டைப் பிரித்துப் போட்டபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: என் அத்தை, கட்டைக் கொண்டுவந்த தறி முதலாளி, அவரிடம் புடவை மடிக்கும் ஆள். இல்லாதவன் நான். திருப்பதியில் எம்.சி.ஏ. வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான நகரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். எனக்கென்று மிச்சம் இருந்தது ஓர் அட்டை மட்டும். ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம். இடது பாதியில் வரிசையாகத் துளைகள். வலது பாதியில் ஒன்றுகூட இல்லை. இன்றும் அது என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

அத்தை என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அக்கா. தறிகளுக்கு டிசைன் அட்டை அடித்துக் கொடுப்பது அவர் தொழில். கரையில் மாங்காய் வரவேண்டுமா, மயில் வரவேண்டுமா என்பதைத் தறிக்குச் சொல்வது அட்டையில் உள்ள துளைகள்தான். துளை போடும் மெஷினை ஓட்டியது ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடக்கம். திரைக்கு ஒரு பழைய டிவி. நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனது. மெஷின் அதற்கு மட்டும்தான் கட்டுப்படும் என்பதால் மாற்றவும் வழியில்லை. அத்தைக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பிளாப்பியிலிருந்து புரோகிராமை ஏற்ற அடிக்கவேண்டிய ஆங்கில வரியை அவர் சாவிகளின் இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருந்தார். மேற்கோள் குறிக்கு அவர் வைத்த பெயர் கொம்பு. "நாலு தட்டு, ஒரு கொம்பு, அஞ்சு தட்டு, இன்னொரு கொம்பு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிப்பார். பிறகு நாலு நிமிஷம் பிளாப்பி கரகரவென்று சுற்றும். ஒரு பகலில் ஆறேழு தடவை கரண்ட் போகும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அதே கொம்பு, அதே கரகரப்பு. யூபிஎஸ் வைத்தோம், துளை போடும் மெஷின் இழுத்த இழுப்பில் இரண்டே மாதத்தில் படுத்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான். படித்த படிப்பு எதற்காவது உதவவேண்டும் என்ற வெறி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஷெல் எழுதினேன். பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டதும் கருப்புத் திரையில் ஒரு குறி துடிக்கும். ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால் வேண்டிய புரோகிராம் ஓடும். எல்லாவற்றையும் ஒரு மெமரி சிப்பில் பதிந்து பின்பக்கத்துப் பொந்தில் செருகிவிட்டேன். புதிய டிசைனுக்கு ஓர் எழுத்து, சோதனைக்கு ஓர் எழுத்து, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர ஓர் எழுத்து. எந்த அட்டைவரை வந்தோம் என்பதை ஷெல்லே பிளாப்பியில் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தொடரும் எழுத்தில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

"இன்னாடா இது, டீ ஆத்தறதுக்குள்ள வந்து நிக்குது!" என்றார் அத்தை. அன்று மாலைக்குள் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "எங்க புள்ள பண்ணது" என்று என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முன்பு பிளாப்பி சுற்றிய அந்த நாலு நிமிஷத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நான் கவனித்திருக்கவேண்டும். கடைசியாக அடித்த அட்டைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஏதோ முணுமுணுப்பார். சிலதைக் கிழித்துக் கூடையில் போடுவார். பொழுது போகாமல் செய்கிறார் என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதை ஒரு வேலை என்று அவரே நினைத்திருக்கமாட்டார். காத்திருக்கும்போது கை செய்தது, அவ்வளவுதான். காத்திருப்பு போனதும் கையும் நின்றுவிட்டது.

என் ஷெல் அட்டையின் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு துளை போட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் அட்டையில் பாதி போட்டிருந்தபோது கரண்ட் போயிற்று. வந்ததும் அத்தை தொடரும் எழுத்தைத் தட்டினார். நூற்றுப் பன்னிரண்டு முடிந்துவிட்டது என்று நம்பி அது நூற்றுப் பதின்மூன்றிலிருந்து ஆரம்பித்தது. அரைகுறை அட்டை கட்டோடு போய்த் தறியில் ஏறியது. முப்பத்திரண்டு புடவை நெய்து மடிக்கும்போதுதான் பார்த்தார்கள்: ஒவ்வொரு மாங்காயின் மூக்கிலும் ஒரு வெட்டு.

"ஏமக்கா இது? மாங்காவ அணில் கடிச்ச மாதிரி இருக்குதே" என்று முதலாளி கேட்டாராம். அத்தை புடவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் கண்ணு அவிஞ்சி போச்சிபா. நான்தான் வெளிச்சத்துல புடிச்சிப் பாக்கல" என்றாராம். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் மன்றாடினேன். புரோகிராமில் அந்த வரியைக் காட்டினேன். குறித்துக்கொள்வது முன்னால், துளை பின்னால், அதுதான் தப்பு என்று காகிதத்தில் படம் போட்டேன்.

"அத்தே, தப்பு என்னுது. நீ போய் முதலாளிகிட்ட சொல்லு. இல்ல நான் போய்ச் சொல்றேன்."

"போடா. படிச்ச புள்ள எழுதினது எப்டிடா தப்பாவும்? சாப்டியா, இல்லியா?"

"நீ இத பாரு முதல்ல."

"அதப் பாத்தா எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு இட்லி துன்னுட்டு வா."

அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நம்பித்தான் சொன்னார். நைனாவிடம் போனேன், "அக்காவுக்கு வயசாவுது, பாவம்" என்றார். திட்டியிருந்தால் போதும். எங்கள் வீட்டில் என்னைத் திட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு வரிகளை இடம் மாற்றிப் புதுச் சிப் செருகினேன். இனிமேலும் வெளிச்சத்தில் பார் என்று கெஞ்சினேன். "பாக்கறேன், பாக்கறேன்" என்றார். பார்க்கவில்லை. நான் எழுதியதாயிற்றே.

இப்போது திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் வேலை. நான் எழுதுவதைச் சோதிப்பதற்கென்றே ஒரு பெண் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். மத்தியானத்துக்குள் எட்டுக் குறை எழுதி அனுப்புவார், நேற்று ஒன்றின் கீழ், "இதை ஓட்டிப் பார்த்தீங்களா இல்லையா?" என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் அவரைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு மட்டும் மூச்சு விடமுடிகிறது.

வேலை கிடைத்ததற்காகக் குடும்பத்தோடு வேன் பிடித்துத் திருத்தணிக்குப் போனோம். ஏறிய பெண்களில் ஏழு பேர் அதே புடவை கட்டியிருந்தார்கள். விற்காத கட்டை அத்தை சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டிருந்தார். ஏழு புடவைக் கரையிலும் மூக்கறுந்த மாங்காய்கள். நடுவில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "சிரிடா, உனக்காகத்தான வந்துக்கினு இருக்கோம்" என்றார் அத்தை.

இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். பாதிவரை வெளிச்சம் வருகிறது, பிறகு இல்லை. பார்க்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. கெட்டுப்போன கட்டை அத்தையே வாங்கிக்கொண்டார், அடக்க விலைக்கு. முப்பத்திரண்டு புடவை, ஒன்று தொள்ளாயிரம். இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.