பிளாஸ்டிக் பஸ்ஸுக்குக் கிடைத்த சீட்

மூன்று வாரம் பாகம் பாகமாக ஒட்டி, துருப்பிடித்ததுபோல் சாயம்கூடப் பூசி முடித்த என் குட்டி பிளாஸ்டிக் மாடல் பஸ்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு, இன்று கண்டியில் வத்தேகம போகும் பஸ்ஸில் ஏறினேன். நிற்கவே இடமில்லை.

கண்டக்டர் கத்தினார்: "அண்ணே, எந்திரிங்க! தங்கச்சி கையில உள்ள பஸ்ஸு நசுங்கப் போகுது!"

கர்ப்பிணி அக்கா ஒருவர் பக்கத்திலேயே நின்றும் தூங்குவதுபோல் நடித்த மனிதர், உடனே எழுந்தார். "அடேயப்பா, துருவெல்லாம் அப்படியே இருக்கே!"

நான் அந்த அக்காவை உட்காரவைத்து, அவர் மடியில் என் பஸ்ஸை வைத்தேன்.

"ஏம்மா, பஸ்ஸுக்குத்தானே எடம் குடுத்தேன்?"

"பஸ்ஸுதாண்ணே உக்காந்திருக்கு. அக்கா சும்மா புடிச்சிருக்காங்க."

அக்கா சிரித்த குலுங்கலில் என் குட்டி பஸ்ஸின் பக்கக் கண்ணாடி ஒன்று கழன்று விழுந்தது. போகட்டும்.

கர்ப்பிணிகளுக்கு என் பஸ் இரவலாகத் தரப்படும். வேண்டியவர்கள் இன்பாக்ஸ் வாருங்கள். சிரிக்க மட்டும் வேண்டாம், இன்னும் ஒரு கண்ணாடிதான் மிச்சம்.