நாற்பத்தெட்டு கிலோ

ஹட்டனில் நடக்கும் கிக்பொக்சிங் போட்டிகளுக்கு ஜோடி சேர்ப்பவள் ஷாமிலா. எடை, வயது, ஆடிய போட்டிகள் மூன்றும் ஒத்துவராமல் அவள் யாரையும் மேடையேற்றியதில்லை. அன்று காலை எடை பார்த்தபோது, வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வினோதாவோடு மோத வந்தவள் மூன்று கிலோ கூடிப்போயிருந்தாள். நாற்பத்தெட்டு கிலோவில் மிச்சமிருந்தவள் நுவரெலியா மேனகா மட்டும்தான். அவள் பதினொரு போட்டிகள் கண்டவள். வினோதா இரண்டே இரண்டு.

"வேணாம்மா, அடிபட்டுருவ," என்றாள் ஷாமிலா.

"ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்கக்கா," என்றாள் வினோதா.

மறுக்க மனமில்லாமல் ஷாமிலா உதை தாங்கும் பஞ்சுத் திண்டுகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு நின்றாள். வினோதா ஒன்பது நிமிடம் ஓயாமல் உதைத்தாள். கடைசி உதையும் முதல் உதையைப் போலவே இடியாக இறங்கியது. கொழுந்துச் சுமையோடு பத்து வருடம் மலையேறிய கால்கள். ஷாமிலாவின் உள்ளங்கைகள் மரத்துப்போயின. மேனகாவிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு இருவர் பெயரையும் எழுதினாள்.

மூன்று சுற்றும் மண்டபத்தில் யாரும் உட்காரவில்லை. மேனகா ஒரே ஒரு புள்ளியில் வென்றாள். வென்ற கையோடு ஷாமிலாவிடம் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"இந்தப் புள்ளய எங்கேருந்துக்கா புடிச்சீங்க?"

ஆரவாரம் செய்த கூட்டத்தைப் பார்த்து வினோதா வெட்கத்தோடு கும்பிடுவதையே ஷாமிலா பார்த்துக்கொண்டு நின்றாள்.