அதுவே நிக்கும் என்றேன்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தேழு வயதில். முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான் மூன்று மாதம் படுத்தே கிடந்த சமயம் அது. யாரிடமும் கேட்காமல் உப்பளம் பகுதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, காலை வேளையில் மைதானத்தைச் சுற்றியிருக்கும் ரோடுகளில் ஓட்டிப் பழகி, ஒருநாள் லைசென்ஸ் அட்டையைக் கொண்டுவந்து என் போர்வைமேல் வைத்தாள்.

"இனிமே ஆஸ்பத்திரி போறதுக்கு ஆட்டோ தேட வேணாம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரும்பாலும் அவள்தான் கார் ஓட்டினாள். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் நான் அவசரக்காரன். அவள் நிதானம். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தை ஒட்டிப் போகும்போதுகூட ஹாரனைத் தொடமாட்டாள். குறுக்கே வருகிறவர்களிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே பேசிக்கொண்டு போவாள். "போ சாமி, நீ போ மொதல்ல." "பெரியவரே, பாத்து வாங்க." பழைய பெட்ரோல் காரை எட்டு வருஷம் ஓட்டினாள். ஒரு கீறல் விழுந்ததில்லை.

நான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எலெக்ட்ரிக் கார் வாங்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் புதிய பொருள்மேல் இருக்கும் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் விற்பனையாளர் எல்லாவற்றையும் விளக்கினார். "முன்னாடி போற வண்டி நின்னா இதுவும் நிக்கும் சார். ரோட்டுக் கோட்ட விட்டு விலகுனா ஸ்டியரிங்க அதுவே திருப்பிக்கும். ஆனா கை ஸ்டியரிங்லயும் கவனம் ரோட்லயும் இருக்கணும்." அவர் கடைசியில் சொன்னதையும் நான் கேட்டேன். கேட்டது ஞாபகம் இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்கத்தான் இல்லை.

அவளுக்கு முதல் வாரமே பிடிக்கவில்லை. "யாரோ பக்கத்துல ஒக்காந்து என் கையப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். ஒருநாள் காலை மீன் வாங்க வைத்திக்குப்பம் போயிருந்தோம். எங்கள் காரின் திரையில் ரோட்டில் இருக்கும் வண்டிகளும் ஆட்களும் சின்னச் சின்னப் பொம்மைகளாகத் தெரியும். மீன் விற்கும் பெண்கள் ரோட்டோரம் அன்னக்கூடையை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் காரை மெதுவாக உருட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"இவங்கள்ல ஒருத்தரக்கூட இதுல காணுமே?"

"ஒக்காந்திருக்கறவங்க எதுக்குத் தெரியணும்? நடுவுல வந்தா தெரியும்."

அவள் அந்தத் தெருவைத் தாண்டும்வரை பிரேக்கின்மேலேயே கால் வைத்திருந்தாள்.

பிறகு நோணாங்குப்பத்தில் ஒன்று நடந்தது. அன்று நான் ஓட்டினேன். படகுத் துறைக்கு எதிரே, செல்போனில் படம் எடுத்தபடியே பின்னால் நகர்ந்து வந்த ஒரு சுற்றுலாக்காரர் சட்டென்று ரோட்டில் இறங்கிவிட்டார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் தானாகவே குலுங்கி நின்றது. சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். என் கால் பிரேக்குக்குப் போகவேயில்லை.

அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! டீக்கடையில், கல்யாண வீடுகளில், வங்கியில் வரிசையில் நிற்கும்போது. சொல்லச் சொல்ல அந்த மனிதர் என் காருக்கு இன்னும் கிட்டே வந்துகொண்டேயிருந்தார். கூடவே அவளையும் கிண்டல் செய்ய ஆரம்பித்தேன். "எங்க வீட்டம்மாவுக்கு அவங்க கால்மேலதான் நம்பிக்கை. கம்ப்யூட்டரெல்லாம் சும்மா." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அது உண்மையான சிரிப்பில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

கடலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போன காலையில் அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில், பின்சீட்டில் என் அக்கா. தவளக்குப்பம் தாண்டியதும் ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. "அக்காவுக்குக் காட்டலாம், போடு" என்று சொல்லி, வேகத்தை அறுபதில் வைத்து முன்னால் போகும் வண்டியைத் தொடரும் பட்டனை நானே அழுத்தினேன். முன்னால் ஒரு வேன். அது மெதுவாகப் போனால் நாங்களும் மெதுவாக, அது வேகம் பிடித்தால் நாங்களும்.

"காலத் தூக்கு. தரையில வை" என்றேன்.

"வேணாங்க."

"அக்கா பாரு, எப்பிடி பயப்படுறான்னு."

அக்கா சிரித்தாள். என் மனைவி காலைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். வேன் திடீரென்று வலப்பக்கம் ஒடித்து விலகியது. அது விலகிய இடத்தில் ஒரு மொபெட் நின்றிருந்தது. பின்னால் ஆளுயரத்துக்குப் பச்சைப்புல் கட்டு. கட்டு சரிந்திருக்கவேண்டும், ஒருவர் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். வேன் போய்விட்டதால் எங்கள் கார் இன்னும் வேகமெடுத்தது. அவள் கால் பிரேக்குக்கு எழுந்ததைப் பார்த்தேன்.

"விடு, அதுவே நிக்கும்."

ஒரு வினாடிதான். அவள் என் பேச்சைக் கேட்டாள். பிறகு மிதித்தாள். காரும் அப்போதுதான் கத்திக்கொண்டு பிரேக் பிடித்தது. போதவில்லை.

புல்கட்டு நடுவில் இருந்ததால்தான் அவர் உயிர் பிழைத்தார் என்று பிறகு டாக்டர் சொன்னார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ரோடெல்லாம் புல். முதலில் இறங்கி ஓடியவள் அவள்தான். அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல அண்ணே, ஒண்ணுமில்ல, இதோ ஆம்புலன்ஸ் வருது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். நான் காரின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, "யாரு ஓட்டுனது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள்.

"பகல் வெளிச்சம். நேர் ரோடு. நின்ன வண்டி. பிரேக் போடலியா மேடம்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்த பார்வை. விடு என்று சொன்னது நான்தான் சார் என்று ஒரு வார்த்தை போதும். சட்டப்படி அதனால் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். இந்த வயதில் ஒரு பொம்மைத் திரையை நம்பிய ஆளாக அவர்கள் முன்னால் நிற்க எனக்கு மனமில்லை.

"அவங்க ஓட்டிப் பழகி ரொம்ப நாள் ஆவல சார்" என்றேன்.

எட்டு வருஷம் ஓட்டியவளைப் பற்றி அதைச் சொன்னேன். எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "டேய், நீதானடா விடச் சொன்ன? என் காதால கேட்டேனே?"

"சும்மா இரு அக்கா" என்றேன்.

அடுத்த நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அடிபட்டவரின் மனைவி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். "நீங்கதான் ஓட்டுனீங்களாம்மா? பிரேக் புடிக்கலியா?" என்று கேட்டார். சண்டைபோடும் குரல் இல்லை. நடந்தது விளங்காமல் கேட்ட குரல். "புடிச்சிருக்கணும்மா, நான் புடிக்கல" என்றாள் என் மனைவி. பிறகு, "வூட்டுல மாடு எத்தினி? யாரு புல்லறுக்கறாங்க?" என்று கேட்டாள். அவள் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. அன்று மாலையே தன் தம்பிக்குப் போன் செய்து ஏற்பாடு செய்தாள். அவர் எழுந்து நடக்கும்வரை அவர் வீட்டு இரண்டு மாட்டுக்கும் புல் போனது. அவளும் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில்தான். அந்தக் காலைக்குப் பிறகு அவள் காரை ஓட்டவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "எனக்கு அந்த நேரத்துல கால் வரலீங்க. இனிமே நம்ப முடியாது" என்றாள். காரைச் சொல்கிறாள் என்று நினைக்க முயன்றேன். அவள் சொன்னது தன் காலை. கோர்ட்டிலும் தனியாக நின்று தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாள். அன்றும் நான் கூடப் போய் வாசலில் நின்றதோடு சரி.

ஏழெட்டு மாதம் கழித்து, கால் முறிந்த அந்த மனிதர் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். காலை லேசாக இழுத்து நடந்துவந்து நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காராமலேயே சொன்னேன். பிரேக் போட வந்தவளை நான்தான் தடுத்தேன், கார் நிற்கும் என்று நம்பினேன், ஸ்டேஷனில் மறைத்துவிட்டேன். 

"எனக்கு ஒடஞ்ச காலு கூடிடுச்சு சார்" என்றார். "அந்தம்மா வந்து ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கினு போவாங்க. நீங்க இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியுமே, விடுன்னு அவகிட்டதான சொன்னேன்."

"அது இல்ல சார். தப்பு ஒங்களுதுன்னு சொன்னீங்களா?"

இல்லை. சொல்லவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவள் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல சொல்லியிருந்தா நான் மறுநாளே ஓட்டியிருப்பேங்க" என்றாள். "ஓட்டிப் பழகலன்னு நீங்களே சொன்னீங்க. எனக்கும் அப்பிடித்தான் போலன்னு ஆயிடுச்சு."

"இப்ப ஓட்டேன்."

"இப்ப வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறுபடி கேட்டிருப்பேன்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வண்டி ஓட்டும் உதவிகளை எல்லாம் அணைத்து வைத்திருந்தேன். ஒருநாள் அவளே, "அதையும் போட்டு வைங்க, உங்களுக்கு ஒரு காவல் வேணும்" என்றாள். போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன், கால் பிரேக்கை விட்டு நகராமல். அவள் முன்சீட்டில் உட்காருவதில்லை. பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருகிறாள். ரோட்டில் போகிறவர்களிடம் பேசுவதும் நின்றுபோயிற்று. போன மாதம் அவள் லைசென்ஸ் காலாவதி ஆகிறது என்று போனில் செய்தி வந்தது. புதுப்பிக்கும் படிவத்தை நானே நிரப்பி, கையெழுத்துக்காக மேசைமேல் வைத்தேன். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. பிறகு ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது அவள் அதை மடித்துப் பழைய பேப்பர்களோடு வைத்துவிட்டாள்.