பேத்திக்கு வெளக்கம், எனுக்கு ஆர்டரு

...அத்தக் கேளு சரோஜா, எனுக்கு வயித்தெரிச்சல்னா அப்பிடியொரு வயித்தெரிச்சல்! யார் மேலன்றே? என் பேத்தி மேல. சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

எங்கூட்டு கவிதாவுக்கு இந்த வாட்டிதான் மொத ஓட்டு. காலேஜு போற பொண்ணு இல்ல? எலெக்சனுக்கு மொத நாளு எம்புள்ள சேகரு ஆபீஸ்லேர்ந்து வந்ததும் வராததுமா அவளக் கூப்ட்டு பக்கத்துல குந்த வெச்சிக்கினான். டிவிய வேற நிறுத்திட்டான். நல்ல படம் ஓடிக்கினு கீது... அதப் போயி யாராவது நிறுத்துவாங்களா?

"இத பாரும்மா, யாருக்குப் போடணும்னு அப்பா சொல்ல மாட்டேன். போன வாட்டி ஜெயிச்சவங்க இன்னா செஞ்சாங்க, இப்ப வரவங்க இன்னா சொல்றாங்க, நீயே யோசி. ஆள மாத்தணும்னு தோணுச்சா, மாத்து. இவங்களே இருக்கட்டும்னு தோணுச்சா, உட்டுடு. உன் ஓட்டு உன்னுது. பெத்தவங்களாண்ட கூட சொல்லத் தேவையில்ல."

அவ ஒண்ணு கேக்கறா, இவன் ஒண்ணு சொல்றான்... ரெண்டு வக்கீலுங்க மாதிரி! பழைய பேப்பர எடுத்து, ஓட்டுச்சீட்ட எப்பிடி மடிக்கணும்னு வேற காட்டறான். தப்பா மடிச்சா மை இன்னொரு சின்னத்து மேல ஒட்டிக்கினு ஓட்டு செல்லாம பூடுமாம். எனுக்குத் தெரியாதா? இவன் அரை டவுசரு போட்டுக்கினு ஓடறப்பவே சீட்டு மடிச்சவ நானு! என்னக் கேட்டா சொல்லியிருக்க மாட்டேன்?

நானும் மொறத்துல அரிசியப் பொடைச்சிக்கினே அவங்க பக்கமா நவுந்து நவுந்து போறேன். எப்பதான் என்னாண்ட திரும்புவான்னு. திரும்புனான். இன்னா சொன்னான் தெரியுமா?

"யம்மா, நீ வழக்கமா குத்தற சின்னத்துலயே குத்திடு. மறந்துடப் போற."

அவ்ளோதான்! அவளுக்கு வெளக்கம், எனுக்கு ஆர்டரு. எப்பிடி இருந்திருக்கும் சொல்லு?

எனுக்கு எப்பவுமே இதே கதைதான். எங்கூட்டுக்காரு இருந்த வரைக்கும், ஸ்கூல் வாசல்லயே நிறுத்தி "நம்ம சின்னம் ஞாபகம் கீதில்ல?"ன்னுவாரு. தங்கமான மனுசன்தான்... தீவாளிக்குப் புடவை எடுக்கப் போனா, தி.நகர்ல கடைகடையா ஏறி எறங்குவாரு. கலரு புடிச்சிருக்கா, கரை புடிச்சிருக்கான்னு கேட்டுக்கினே இருப்பாரு. அரக்குல ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு பாரு, இன்னும் சாயம் போவல... இன்னாத்தப் பேசிக்கினு இருந்தேன்? ஆங், ஓட்டு. புடவைக்கு அத்தினி வாட்டி கேட்ட மனுசன், ஓட்டுக்கு ஒரு வாட்டி கேக்கல. அவரு போனதும் புள்ள சொல்ல ஆரம்பிச்சான். எழுதப் படிக்கத் தெரியாதுன்னா, யோசிக்கவுமா தெரியாது?

மறுநா கார்ப்பரேசன் ஸ்கூல்ல க்யூ. மை வெச்சாங்க, சீட்டு குடுத்தாங்க. மறைப்புக்குள்ள போயி நின்னா — கை தன்னால பழைய எடத்துக்கே போவுது! புடிச்சி நிறுத்துனேன்.

நம்ம தெருவுல சாக்கடை குழாத் தண்ணியில கலந்து, புள்ளைங்க வாந்தி பேதின்னு ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கெடந்துச்சே... ஓட்டு வாங்கினு போனவங்க யாராவது எட்டிப் பாத்தாங்களா? அத்த நெனச்சேன். பின்னாடி ஒருத்தி, "உள்ள இன்னா சமையலா பண்றே?"ன்னு கத்தறா. கத்தட்டும். நல்லா நின்னு யோசிச்சி, குத்துனேன்.

வெளிய வந்ததும் சேகரு, "கரெக்டா குத்துனியாம்மா?"

"குத்துனேன்."

"எதுல?"

"பெத்தவங்களாண்டயே சொல்லத் தேவையில்லன்னு நீதானடா சொன்னே? அப்பால, பெத்த புள்ளையாண்ட எதுக்கு சொல்லணும்?"

அவன் மூஞ்சப் பாக்கணுமே! கவிதா நடுரோட்டுல கை தட்டி சிரிக்கறா.

அன்னிலேர்ந்து அவனுக்கு இருப்பு கொள்ளல. நேத்து அவனே காபி கொண்டாந்து குடுத்து, டிவிய நிறுத்திட்டு, என் பக்கத்துல குந்திக்கினான். "யம்மா, எதுலன்னு வேணாம். ஏன்னாவது சொல்லேன்."

சொன்னேன். சாக்கடை, ஆஸ்பத்திரி, எல்லாத்தையும். அவன் ஒண்ணு கேட்டான், நான் ஒண்ணு சொன்னேன். "இத நான் நெனைக்கவே இல்லம்மா"ன்றான்! உள்ளாறேர்ந்து கவிதா, "என்ன உட்டுட்டு இன்னா பேசறீங்க?"ன்னு எட்டிப் பாக்கறா. இப்ப வயித்தெரிச்சல் அவளுக்கு! எனுக்குக் காபி கூட நேத்து தித்திப்பா இருந்துச்சி.

இருந்தாலும்... அவள மொத ஓட்டுக்கே கேட்டாங்க. என்னக் கேக்க பேத்தி எடுக்க வேண்டியதாப் போச்சு. அது மட்டும் இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்யுது.

இன்னா? எதுல குத்துனேன்னா? அது கெடக்கட்டும், நீ எதுல குத்துனே? உங்கூட்டுக்காரு சொன்னதுலயா? இன்னாடி முழிக்கறே?

சரி சரி, மூஞ்சத் தூக்காத. வாசல்ல வெச்ச மீனக் காக்கா தூக்கினு பூடப் போவுது, கழுவி வெச்சிட்டு வரேன் — அதுக்குள்ள நீ கொஞ்சம் யோசிச்சி வை.