அரக்குத் தட்டின் மறுபக்கம்

"அடுத்தவன் பொருளைக் கையில வாங்கினா முதல்ல..." என்று ரேடியோ ரிப்பேர் செய்த என் சித்தப்பா ஏதோ சொல்வார், பின்பாதி மறந்துவிட்டது. சென்னையில் பத்து வருஷம் இருந்துவிட்டு ஆக்லாந்து திரும்பி, நியூ லின்னில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தப் பின்பாதிதான் தேவைப்பட்டது. கடை வைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கமிட்டி ராகம்

பக்கத்துப் புறநகரான ரானுயியிலிருந்து வாடிக்கையாளர் சிவா அண்ணை மகளோடு வந்தார். அவர் யாழ்ப்பாணம், மகள் இங்கே பிறந்தவள், கிடார் வாசிப்பவள். ராக் தட்டு கேட்டாள். முதலில் அதன் தாத்தாவைக் கேள் என்று ஒரு ப்ளூஸ் தட்டைப் போட்டேன். மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் கறுப்பினக் கூலிகள் பாடியது, நகரத்துக்குப் போய் மின்கிடார் மாட்டிக்கொண்டது, லண்டன் பையன்கள் அதைக் கேட்டு ராக் ஆக்கினார்கள் என்று பிரசங்கமும் செய்தேன். "அப்போ எல்லாமே காப்பிதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரே வரியை ரெண்டு தரம் சொல்லுறார். எங்கட கோயில் கமிட்டிக் கூட்டம் மாதிரி. ஆனா இவர் மூண்டாவது வரியில மறுமொழியெண்டாலும் சொல்லுறார்."

கறுத்த துணி

அடுத்த வாரம் துவாயில் சுற்றி ஒரு தட்டைக் கொண்டுவந்தார். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த அவர் அப்பாவுக்கு அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவன் கொடுத்த ப்ளூஸ். இடம்பெயர்ந்தபோதெல்லாம் தட்டு கூடவே வந்தது, பிளேயர் வரவில்லை. அப்பா பாடித்தான் அண்ணைக்கு அந்தப் பாட்டு தெரியும். "சனிக்கிழமை அப்பான்ர திவசம். துடைச்சுத் தாரும் தம்பி, ஒருக்கா கேக்கவேணும்."

தினமும் வினைல் என்கிற பிளாஸ்டிக் தட்டுகளைத் துடைக்கும் கை, பழக்கத்தில் அதே ஆல்கஹால் கரைசலை எடுத்தது. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றும் அந்தக் காலத்துத் தட்டு வினைல் இல்லை, அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும். வாடிக்கையாளர்களை இதைச் சொல்லி எச்சரிப்பவனே நான்தான். துணி கறுத்தபோதுதான் உறைத்தது. ஒரு பக்கம் போயிற்று.

பகுதிநேர வேலைக்கு வரும் டேவ் எட்டிப் பார்த்தான். "வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு. அவர்தான் இதைக் கேட்டதே இல்லையே."

மறுபக்கம்

திவசத்துக்கு முந்தின நாள் அண்ணை மகளோடு வந்தார். "கெடுத்தது நான்தான் அண்ணே" என்றேன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மற்றப் பக்கம் இருக்கெல்லே? போடும்."

போட்டேன். முழுக்கக் கேட்டார். தலையை ஆட்டினார். "இது அப்பா பாடினது இல்லை." மகள் என்னைப் பார்த்தாள், நான் கல்லாவைப் பார்த்தேன். அவர் தட்டைத் திரும்பத் துவாயில் சுற்றினார். "நீர் அழிச்ச பாட்டை நான் பாடுறன், பிள்ளை கிட்டார் அடிக்கட்டும். எல்லாம் காப்பிதானே."

வாரத்தில் வியாபாரம் நடக்கிற ஒரே நாளான சனிக்கிழமையன்று கடையைப் பூட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பக்கத்தையாவது போட பிளேயரோடு ரானுயிக்கு, அண்ணை வீட்டுத் திவசத்துக்குப் போனேன்.